ஜீடிமெட்லா ஆலைப் பொறுப்பாளர்களுக்கு: அடுத்த ஒத்திகையை இரவில் நடத்துங்கள்

ஐதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் மருந்து மூலப்பொருள் ஆலைகளிலும் பிற இரசாயன ஆலைகளிலும் உற்பத்தி மேலாளர்களாகவும் ஷிப்டுப் பொறுப்பாளர்களாகவும் பாதுகாப்பு அலுவலர்களாகவும் பராமரிப்புப் பிரிவுத் தலைவர்களாகவும் பணியாற்றும் தமிழ் அன்பர்களே,

உங்கள் பொறுப்பில் உள்ள திட்டங்கள் பல. எந்த ரியாக்டரில் எந்த பேட்ச் எப்போது ஏற வேண்டும் என்னும் உற்பத்தித் திட்டமோ, கரைப்பான் டேங்கர் எந்த நாளில் வந்து சேர வேண்டும் என்னும் கொள்முதல் திட்டமோ தவறாக அமைந்தால், மாதம் முடிவதற்குள் அந்தத் தவறு கண்ணில் பட்டுவிடுகிறது. விளைச்சல் குறைகிறது, அனுப்ப வேண்டிய சரக்கு தங்கிப் போகிறது, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்கிறார்கள், திட்டம் திருத்தப்படுகிறது. அதே அலமாரியில் இருக்கும் ஆலைவளாக அவசரநிலைத் திட்டம், அதாவது தீயோ வெடிப்போ நச்சுவாயுக் கசிவோ நேர்ந்தால் மதிலுக்குள் யார் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கப்பட்ட ஏற்பாடு, இவற்றிலிருந்து வேறுபட்டது. அது எவ்வளவு பிழையானதாக இருந்தாலும் விபத்து நேராதவரை எந்தக் கணக்கிலும் அந்தப் பிழை வெளிப்படாது. பத்தாண்டுகள் விபத்தின்றிக் கழிந்த ஆலையில் இத்திட்டம் நல்ல திட்டம்தான் என்ற நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் ஒருநாள்கூடத் திட்டத்துக்கு வேலை வராததால், அதன் தரத்தைப் பற்றி அவை எதையும் மெய்ப்பிக்கவில்லை.

ஆகவே இத்திட்டத்தை மதிப்பிட விரும்புகிறவர்கள், அது சந்திக்க வேண்டிய நிலைமையைத் தாங்களே உண்டாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கென ஏற்பட்ட கருவிதான் ஒத்திகை, ஆலை வழக்கில் மாக் டிரில். அந்தக் கருவி இன்று அளப்பதை நிறுத்திவிட்டது என்பதும், அதை மீண்டும் அளக்கச் செய்யும் ஆற்றல் உங்கள் கைகளில் இருக்கிறது என்பதுமே இம்மடல் உங்களிடம் நேரடியாகச் சொல்ல வருபவை.

வழக்கமான ஒத்திகையின் போக்கு உங்களுக்குத் தெரியாததன்று. நாளும் நேரமும் சுற்றறிக்கையாக முன்கூட்டியே வந்துவிடுகின்றன. பெரும்பாலும் அது முற்பகல் 11 மணி, ஜெனரல் ஷிப்டில் எல்லோரும் இருக்கும் வேளை. அன்று காலை தீயணைப்புக் குழாய்ப் பெட்டிகளின் பூட்டுகள் திறந்துவைக்கப்படுகின்றன; ஹோஸ் சுருள்கள் துடைக்கப்படுகின்றன; கூடுமிடம் என்று எழுதிய பச்சைப் பலகையின் முன்னால் அடுக்கியிருந்த காலி டிரம்களை ஃபோர்க்லிஃப்ட் அப்புறப்படுத்துகிறது. சைரன் ஒலித்ததும், அதற்காகவே காத்திருந்தவர்கள் தலைக்கவசத்துடன் நடந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் யார் படுக்கப் போகிறார் என்பது முதல்நாளே முடிவாகியிருக்கிறது. படங்கள் எடுக்கப்படுகின்றன, 'திருப்திகரம்' என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கை கோப்பில் சேர்கிறது, மாலைக்குள் டிரம்கள் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. இங்கே நேர்ந்த இழப்பை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கூடுமிடத்துக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது என்பதே அந்த ஒத்திகை கண்டுபிடித்திருக்க வேண்டிய உண்மை. ஒத்திகைக்காக வழியைச் சுத்தம் செய்தபோது அந்த உண்மை அழிக்கப்பட்டது; திட்டத்தை எழுதியவர்களுக்கு அது மறுபடியும் கிடைக்கப் போவது விபத்து நாளில்தான்.

சட்டம் இத்தகைய ஒத்திகையைக் கேட்கவில்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, அந்த ஆலையிலும் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஏட்டளவில் இருக்கவே செய்தன; ஆனால் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது, ஊராரை எச்சரிக்கும் சைரன் ஒலித்த சிறிது நேரத்தில் நிறுத்தப்பட்டது. அந்தப் பேரழிவின் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான செய்முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் அதில் சேர்ந்தது. தொடர்ந்து 1989இல் அபாயகர இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த விதிகள் பிறந்தன. அவற்றின் 13ஆம் விதி, ஆலையை நடத்துபவர் அவசரநிலைத் திட்டத்தை எழுதிவைத்து, அதைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்து, 6 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தி, அதன் விரிவான அறிக்கையை உரிய அதிகாரியிடம் தர வேண்டும் என்கிறது. 'விரிவான' என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. ஒரே சொல்லில் முடியும் அறிக்கை எதுவும் அந்த விதியை நிறைவேற்றியதாகாது.

திட்டம் நிலைமைக்கு முன்னால் எப்படித் தோற்கிறது என்பதற்கு உங்கள் துறையிலேயே அண்மைக்காலச் சான்று உண்டு. 2020 மே 7ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் எம்-6 என்ற சேமிப்புத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி, உறக்கத்தில் இருந்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்துக்குள் புகுந்ததில் 12 பேர் உயிரிழந்தனர். ஸ்டைரீன் என்பது வெப்பம் ஏறினால் தனக்குத்தானே பிணைந்து பாலிமராக மாறி மேலும் வெப்பத்தைக் கக்கும் திரவம். அதைத் தடுக்கும் வேதிப்பொருளைப் போதிய அளவில் கலந்து, தொட்டி முழுதும் சுழலச் செய்து, குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் விசாரணையில் வெளிவந்தவற்றுள் நான்கு செய்திகள் உங்கள் மேசைமீது எப்போதும் இருக்க வேண்டியவை. 2019 டிசம்பரில் தொட்டியின் உட்குழாய் அமைப்பு மாற்றப்பட்டதால் திரவம் மேலும் கீழும் சரிவரக் கலக்கவில்லை. வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியை மட்டுமே காட்டியது. மேற்பகுதியில் ஏறிய சூடு பதிவேட்டில் வரவே இல்லை. குளிர்பதன அமைப்பு பகலில் மட்டும் இயக்கப்பட்டு மாலையில் நிறுத்தப்பட்டது. ஆலையில் 36 இடங்களிலிருந்து சைரனை இயக்கும் வசதி இருந்தும் ஓரிடத்திலிருந்தும் அது இயக்கப்படவில்லை.

இந்த நான்காவது செய்தியில் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 36 சைரன் பொத்தான்கள் இருந்தன என்பதைத் தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்துச் சரி என்று குறித்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றை அழுத்தும் அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று, தன் கண்ணெதிரே ஆவி எழுவதைக் காணும் இரவுநேரத் தொழிலாளி உறுதியாக நம்புகிறாரா என்பதை எண்ணிக்கை காட்டாது. பொய்யான எச்சரிக்கை எழுப்பியதற்காக எப்போதேனும் ஒருவர் கண்டிக்கப்பட்ட ஆலையில், அவருக்குப் பின் வருகிற அத்தனை பேரும் முதலில் போனை எடுத்து ஷிப்டுப் பொறுப்பாளரைக் கேட்பார்கள். பொறுப்பாளர் மேலாளரைக் கேட்பார். மேலாளர் உறக்கத்தில் இருப்பார். இந்தச் சங்கிலியின் நீளத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதற்கு இரவில் நடக்கும் ஒத்திகையைத் தவிர வேறு எந்த முறையும் இல்லை.

திட்டம் பின்பற்றப்படாததால் மட்டுமே உயிர்கள் போகின்றன என்று கொள்வதும் தவறு. வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6ஆம் தேதி இரவு 167 பேர் இறந்தனர். உயிர் தப்பியவர்கள் 61 பேர். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி, வேலை அனுமதிச் சீட்டு வழியாக இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராததால், மற்றொரு பம்பு நின்றவுடன் வால்வில்லாத பம்பு இயக்கப்பட்டு எரிவாயு கசிந்தது. கடலுக்கடியில் மூழ்காளர்கள் வேலை செய்ததை முன்னிட்டுத் தீயணைப்புப் பம்புகள் தானாக இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தன. அவசரநிலையில் எல்லோரும் தங்கும்விடுதிப் பகுதியில் கூடி ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு; பலர் அப்படியே கூடினார்கள், காத்திருந்தார்கள், புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். ஹெலிகாப்டர் இறங்க முடியாத அளவுக்குப் புகை சூழக்கூடும் என்பதை ஏற்பாட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் விடுதியில் காத்திராமல் கடலை நாடியவர்கள். குல்லன் பிரபு 1990இல் அளித்த விசாரணை அறிக்கையின் 106 பரிந்துரைகள் எண்ணெய்த் துறையின் நடைமுறையையே மாற்றின. உங்கள் கூடுமிடத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசும் என்ற அனுமானத்தில் மேற்கு மதிலோரத்தில் மட்டும் கூடுமிடம் வைத்தால் போதாது. காற்று திரும்பும் பருவத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு கூடுமிடம் வேண்டும். எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்பதைக் காட்டும் காற்றுத்துணி கிழிந்து வெளுத்துத் தொங்கக் கூடாது. இரவில் அது கண்ணுக்குத் தெரிய அதன்மேல் விளக்கு வேண்டும்.

திட்டம் தீட்டும் முறையிலேயே உள்ள குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதிவைத்துள்ள திட்டங்களில் இரண்டு பதவிகள் திரும்பத் திரும்ப வரும்: நிகழ்விடத்தில் நின்று நிலைமையைக் கையாளும் சம்பவக் கட்டுப்பாட்டாளர், ஆலை முழுமைக்கும் முடிவெடுக்கும் தலைமைக் கட்டுப்பாட்டாளர். "சம்பவக் கட்டுப்பாட்டாளர் நிலைமையை மதிப்பிட்டுத் தலைமைக் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிப்பார்" என்ற வாக்கியம் எந்த ஆலையின் திட்டத்திலும் பொருந்தும். பொருந்துவதாலேயே எந்த ஆலைக்கும் அது உதவாது. வெப்பம் உமிழும் வினை ஒன்று ரியாக்டரில் நடந்துகொண்டிருக்கும்போது இரவு 2 மணிக்கு மின்சாரம் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் வினைபொருள், அதைக் கலக்கும் ஸ்டிரர் நின்றதும், வினைபுரியாமல் ஒரு படலமாகத் தேங்கத் தொடங்குகிறது. ஜாக்கெட்டில் ஓடும் குளிர்ந்த உப்புக்கரைசலும், அதாவது பிரைனும், நின்றுவிடுகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி மின்சாரம் திரும்பியதும் ஆபரேட்டரின் கை இயல்பாகவே ஸ்டிரர் பொத்தானுக்குப் போகும். அப்போது தேங்கியிருந்தது அனைத்தும் ஒரே நேரத்தில் கலந்து, குளிர்விக்கும் அமைப்பின் திறனை மீறிய வேகத்தில் சூடேறும். கட்டுமீறிய வினை என்று வேதிப்பொறியியல் இதைக் குறிப்பிடுகிறது; வெளியேற்று வால்வைக் கடந்து மூடியே பிய்த்தெறியப்படும் நிலை வரை இது செல்லக்கூடும்.

அந்தச் சில நிமிடங்களில் ஆபரேட்டருக்குத் தேவைப்படுவது பதவிப்பெயர் எதுவும் இல்லை. வினைபொருள் இறங்கும் வால்வை முதலில் மூட வேண்டும் என்பதும், வினைபொருள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்காமல் ஸ்டிரரைத் தொடக்கூடாது என்பதும், வெப்பநிலை எத்தனை டிகிரியைத் தொட்டால் யாரையும் கேட்காமல் அணைப்புத் திரவத்தைத் திறக்கலாம் என்பதும், எத்தனை டிகிரியைத் தாண்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறிச் சைரனை அழுத்த வேண்டும் என்பதும், அவர் வாசிக்கும் மொழியில் அந்த ரியாக்டரின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த எண்களைப் பாதுகாப்பு அலுவலர் தனியாக உட்கார்ந்து எழுத முடியாது. அந்த வினையை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தாரும், வால்வு திறக்க எத்தனை விநாடி ஆகும் என்று அறிந்த பராமரிப்பாளரும், இரவில் அங்கே நின்று பழகிய ஆபரேட்டரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் அவை கிடைக்கும். வெளியாலோசகரிடம் பணம் கொடுத்து வாங்கிய திட்டம் அழகாகக் கட்டமைக்கப்பட்டிருக்கலாம். அந்த மேசையில் நடந்திருக்க வேண்டிய வாதம் அதில் இருக்காது.

இனித் தலை எண்ணிக்கை. கூடுமிடத்துக்கு வந்தவர்களை எண்ணி, உள்ளே இருந்தவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, யார் வரவில்லை என்று கண்டறிவதே தீயணைப்பாளர்களுக்கு நீங்கள் தரக்கூடிய முதன்மையான செய்தி. உங்கள் வாயிற்காவல் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நிரந்தரப் பணியாளர்களின் பெயர்கள் விரல்ரேகைக் கருவியில் பதிவாகியிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல இடங்களில் ஒப்பந்ததாரரின் பெயருக்கு நேரே 'ஹெல்பர் 6' என்று மட்டும் பதிவாகியிருப்பார்கள். அந்த ஆறு பேரில் யார் பாய்லர் பக்கம் போனார், யார் உலர்த்தி அறைக்குள் போனார் என்பது அவர்களை அழைத்துவந்த மேஸ்திரிக்கு மட்டும் தெரியும். மேஸ்திரி இரவில் இருக்கமாட்டார். 2025 ஜூன் 30ஆம் தேதி இதே மாநகரின் மேற்கு விளிம்பில், பாசமைலாரத்தின் சிகாச்சி ஆலையில் நேர்ந்த வெடிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. எட்டுப் பேர் கடைசிவரை கிடைக்காமலே போயினர். உறவினர்கள் நாட்கணக்கில் ஆலை வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் நின்றனர். அந்தச் செய்திகளை நீங்கள் அனைவரும் வாசித்தவர்கள். வாசித்த பின்னும் உங்கள் பதிவேட்டில் 'ஹெல்பர் 6' என்று தொடர்ந்து எழுதப்படுகிறதெனில், அதை இனிப் பழக்கத்தின் கோளாறு என்று மன்னிக்க இடமில்லை.

மொழியும் இதோடு சேர்ந்ததே. உங்கள் திட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அறிவிப்புகள் தெலுங்கில் இருக்கின்றன. டிரம் உருட்டுகிறவர் ஒடியாவோ போஜ்புரியோ பேசுகிறவர். வேற்றுமொழி மண்ணில் வந்து வேலைகற்ற தமிழர்களாகிய உங்களுக்கு, அவசரத்தில் பிறர் மொழியில் கூவப்படும் கட்டளை காதில் விழுந்தும் மனத்தில் ஏறாமல் போவது எப்படி என்பதை விளக்க வேண்டியதில்லை. இம்மடல் உங்களைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மதிலுக்கு அப்பால் இருப்பவர்களையும் மறக்கலாகாது. ஷாப்பூர் நகர், சுபாஷ் நகர், சிந்தல், கஜுலராமாரம் என்று குடியிருப்புகள் ஆலைகளை நெருங்கி வளர்ந்துவிட்டன; ரியாக்டருக்கும் வீட்டுச் சமையலறைக்கும் இடையே ஒரு தெரு மட்டுமே உள்ள இடங்கள் உண்டு. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது நெடியும் மூச்சுத்திணறலுமே. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சாலைக்கு ஓடினார்கள். ஆலைக்கு வெளியே செய்ய வேண்டியவற்றுக்கென மாவட்ட நிர்வாகம் தனித்திட்டம் வகுத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது 1989 விதிகளின் ஏற்பாடு. 1996இல் வந்த இரசாயன விபத்து விதிகள் ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்றை, அதாவது ஆலைப் பிரதிநிதிகள், தீயணைப்புத் துறையினர், மருத்துவர், சமூகப் பணியாளர் முதலானோர் கூடும் அமைப்பை வேண்டுகின்றன. அக்குழுவில் ஆலைகளின் சார்பில் அமரக் கூடியவர்கள் நீங்களே. அங்கே நீங்கள் கேட்காத கேள்வியைத் தெருவில் இருக்கும் குடும்பம் கேட்க வழியில்லை.

உங்கள் தயக்கங்கள் அறியப்படாதவை அல்ல; அவற்றுள் சில நியாயமானவையும்கூட. முன்னறிவிப்பில்லாத ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும் பேட்சைக் கெடுத்துவிடும் என்பது முதல் தயக்கம். இதற்கு விடை எளிது: கைவிட முடியாத கட்டத்தில் உள்ள ரியாக்டர்களின் ஆபரேட்டர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அவர்கள் எந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்பதைப் பார்வையாளர் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். இருட்டில் ஓடி யாரேனும் விழுந்து அடிபடலாம் என்பது இரண்டாவது. அது மெய்தான், எனினும் ஒத்திகையில் விழவைக்கும் படிக்கட்டு விபத்தின்போதும் அங்கேயே இருக்கும். வழிவிளக்கு இல்லாத இடத்தில் பார்வையாளர் ஒருவரை நிறுத்தி முதல்தடவை சமாளித்துவிட்டு, மறுநாளே விளக்குப் போட்டுவிடலாம். அண்டைவீட்டார் பீதி அடைவார்கள் என்பது மூன்றாவது. இந்த வாரத்தில் ஓர் இரவு ஒத்திகை சைரன் ஒலிக்கும் என்று ஜீடிமெட்லா தீயணைப்பு நிலையத்துக்கும் சுற்றுத்தெருக்களுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எந்த இரவு என்பதை ஷிப்டுக்குச் சொல்லாமல் விடுவதில் தடையேதும் இல்லை.

வெளியே சொல்லப்படாத நான்காவது தயக்கம்தான் உண்மையில் கனமானது. ஒத்திகையில் குறைகள் தெரிந்தால் அவற்றை எழுத வேண்டிவரும், எழுதினால் அவை உங்கள் குறைகளாகக் கருதப்படும், பின்னொரு நாள் விபத்து நேர்ந்தால் 'தெரிந்தும் சரிசெய்யவில்லை' என்று அதே காகிதம் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்ற அச்சம் அது. இந்த அச்சத்துக்குக் காரணம் நிர்வாகங்களே என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். குறையில்லாத அறிக்கையைப் பாராட்டி, குறையை எழுதியவரைத் துருவித் துருவிக் கேட்கும் நிர்வாகம், தன் திட்டத்தைப் பற்றிய உண்மை தன்னிடம் வந்து சேராதபடி தானே கதவடைத்துக்கொள்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் ஒத்திகை நடந்த தேதியை மட்டும் சரிபார்த்துச் செல்லும்போது அதே தவறைச் செய்கிறார்கள். இருந்தாலும் எழுதாமல் விடுவதால் நீங்கள் காப்பாற்றப்படுவதில்லை. இரவில் நடப்பதை அறிந்திருக்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டு அறியாமல் இருந்தது எப்படி என்ற கேள்விக்கு 'திருப்திகரம்' என்று கையெழுத்திட்ட தாள் விடையாகாது.

எங்கள் ஆலை சிறியது, விதிகளின் வரம்புக்குள் வராது என்று சொல்லக்கூடியவர்கள் உங்களில் உண்டு. 1989 விதிகள் திட்டத்தைக் கட்டாயமாக்குவது குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரசாயனம் வைத்திருக்கும் இடங்களுக்கே. குளோரினுக்கு அது 10 டன், அமோனியாவுக்கு 60 டன். ஆனால் நெருக்கமான கொட்டகைக்குள் தீப்பற்றி ஐந்து பேர் வெளியேற முடியாமல் போவதற்குச் சில டிரம் டொலுவீன் போதும். சிறிய ஆலைக்குத் தேவை ஒரு பக்கத் திட்டம்தான். அதையும் இரவில்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஆகவே இம்மடல் உங்களிடம் கேட்பது இது. வரும் ஆறுமாத ஒத்திகையை இரவு ஷிப்டில், 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையே, ஷிப்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நடத்துங்கள். தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவ்வேளையில் வழக்கம்போல் தம் வீட்டிலேயே இருக்கட்டும். அவருக்கு அழைப்பு எத்தனையாவது நிமிடத்தில் போகிறது என்பது தெரிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரும் அதில் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு முன்பே, கசிவைக் கண்டதிலிருந்து சைரன் ஒலிக்க எத்தனை விநாடி ஆகலாம், தலை எண்ணிக்கை முடிய எத்தனை நிமிடம் ஆகலாம், தீயணைப்பு வண்டி உள்ளே திரும்ப எந்த வாயில் திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதை எழுதி, உறையிலிட்டு ஒட்டிவையுங்கள். நடந்ததை அதனோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே உங்கள் திட்டத்தின் மதிப்பீடு. இடைவெளியே இல்லை என்று வந்தால், ஒத்திகை கசிந்துவிட்டதா என்று விசாரியுங்கள். கடிகாரத்தைப் பிடித்துக் குறிப்பெடுக்கும் வேலையைப் பக்கத்து ஆலையின் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்; அவருடைய ஒத்திகைக்கு நீங்கள் போங்கள். தன் வீட்டுத் தூசு தன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சரிசெய்யும் ஒருவரின் பெயரும் முடிக்கும் தேதியும் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த ஒத்திகை அந்தப் பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியின் குழாய் மாறினாலும், புதிய மூலப்பொருள் வந்தாலும், இரவு ஷிப்டின் ஆள்பலம் குறைக்கப்பட்டாலும், ஒப்பந்ததாரர் மாறினாலும், அந்த மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே திட்டத்தின் உரிய பக்கம் திருத்தப்பட வேண்டும். நிர்வாகத்தினர் முன்னிலையில் உங்களில் மூத்தவர்கள் ஒரு வாக்குறுதியைக் கேட்டுப் பெற வேண்டும்: சைரனை அழுத்தியதற்காக, அது தவறான எச்சரிக்கையாகவே முடிந்தாலும், எந்தத் தொழிலாளியும் கண்டிக்கப்படமாட்டார் என்பதை எழுத்தில் தந்து, தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு சைரன் பொத்தானுக்கும் கீழே ஒட்ட வேண்டும். ஒத்திகை அறிக்கையின் ஒரு படி தொழிற்சாலை ஆய்வாளருக்கும், ஒரு படி உள்ளூர் நெருக்கடிக் குழுவுக்கும் போகட்டும். குறைகளையும் அவை தீரும் தேதிகளையும் மட்டும் எளிய மொழியில் எழுதிய ஒற்றைத் தாளை ஆலை வாயிலின் வெளிப்புறத்தில், தெருவில் போகிறவர்கள் வாசிக்கும்படி ஒட்டிவையுங்கள்.